கிட்டே வராத பூனைக்கு வைத்தியம் பார்ப்பது எப்படி?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில், கடலை ஒட்டி எங்கள் வீடு. ஆறேழு மாதமாக மஞ்சளும் வெள்ளையுமான ஒரு பூனை கொல்லைச் சுவருக்கு வருகிறது. சாப்பாடு வைத்துவிட்டு நாங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் இறங்கித் தின்னும். பத்தடிக்குள் போனால் ஓடிவிடும். இரண்டு மாதமாக அதன் வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் வடிகிறது. பசியோடு ஓடி வருகிறது. ஒரு வாய் எடுத்ததும் கத்திக்கொண்டு பின்வாங்குகிறது. வலது கண்ணில் பீளை, ஒரு காது நுனியில் ஆறாத புண், விலா எலும்பு தெரிகிறது. இது வெறிநோய்தான், பிள்ளைகள் இருக்கும் வீடு, விரட்டிவிடு என்கிறார் என் மாமியார். மகனுக்கு வாங்கிய காய்ச்சல் சொட்டுமருந்தைப் பாலில் கலந்து வைக்கலாமா? வீட்டில் மிச்சமிருக்கும் கண் சொட்டுமருந்து உதவுமா? வலை போட்டுப் பிடித்துத் தருகிறேன் என்கிறார் என் வீட்டுக்காரர். என்ன செய்யட்டும்? – வாசகி

பதில்: சகோதரிக்கு வணக்கம்.

முதலில் அந்தக் காய்ச்சல் மருந்து. அதைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பாரசிட்டமாலைச் செரித்து வெளியேற்றும் நொதி நம் ஈரலில் உண்டு, பூனையின் ஈரலில் அது மிகக் குறைவு. வெளியேறாத மருந்து ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுத்துவிடும். அவற்றால் பிராணவாயுவைச் சுமக்க முடியாது. குழந்தைகளுக்கான சொட்டுமருந்தில் 1 மி.லி.க்கு 100 மி.கி. பாரசிட்டமால் இருக்கிறது. 3 கிலோ பூனைக்கு அந்த 1 மி.லி.யே விஷம். சில மணி நேரத்தில் ஈறு பழுப்பு நிறமாகும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு இரைக்கும். இப்யூபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் பூனைக்கு ஆகாது. மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணிக்குப் போடும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், பெர்மெத்ரின் வகை மருந்துகள் பூனை மேல் பட்டால் வலிப்பு வரும். புண்ணில் பினாயிலோ டெட்டாலோ மண்ணெண்ணெயோ தெளிக்க வேண்டாம். பூனை தன் உடம்பை நக்கியே சுத்தம் செய்கிற பிராணி. தோலில் போட்டதெல்லாம் வயிற்றுக்குள் போகும்.

மிச்சமிருக்கும் கண் மருந்தையும் எடுத்து வைத்துவிடுங்கள். அதில் டெக்ஸாமெதாசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். பூனையின் கண்ணில் பீளை கட்டும்போது கருவிழியில் புண்ணும் இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டு அந்தப் புண்ணை ஆறவிடாது, கருவிழி ஓட்டையாகிக் கண்ணே போய்விடும். பத்தடிக்குள் வராத பூனைக்குச் சொட்டுமருந்து போடுவது எப்படியும் நடக்காத காரியம்.

அடுத்து உங்கள் மாமியாரின் பயம். வெறிநோயை நினைத்துப் பயப்படுவது நியாயம்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். வெறிநோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் பூனை சுமார் பத்து நாளுக்குள் இறந்துவிடும். உங்கள் பூனைக்கு எச்சில் வடிய ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் சுவர் ஏறுகிறது, நேரத்துக்கு வருகிறது, ஆளைக் கண்டால் ஒதுங்குகிறது. ஆகவே இந்த எச்சில் வெறிநோயால் வந்ததல்ல, வாய் வலியால் வருவது. நேற்றுவரை ஒதுங்கிய பூனை திடீரென்று ஆளை நோக்கிப் பாய்ந்தாலோ, தள்ளாடினாலோ, குரல் மாறினாலோதான் சந்தேகப்பட வேண்டும். அப்போது அதை நெருங்காமல் கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

இதனால் கடிபட்டாலும் பரவாயில்லை என்று அர்த்தமல்ல. பூனை கடித்தாலோ ரத்தம் வரப் பிறாண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலில் போடும் தடுப்பூசி முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் நான்கு முறை போக வேண்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் முதல் நாளே காயத்தைச் சுற்றி, வெறிநோய்க் கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடுவார்கள். பூனைக் கடி வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், ஆனால் பல் ஆழமாக இறங்கியிருக்கும். ஒரு நாளைக்குள் விரல் வீங்கிச் சீழ் பிடிப்பதும் சாதாரணம்.

வலை வேண்டாம். மீன் வலையில் விழுந்த பூனை உருண்டு புரளும், வலையின் நைலான் நரம்பு கழுத்தையும் காலையும் இறுக்கும். அதை அறுத்து விடுவிக்கக் கை வைக்கிறவருக்கு நிச்சயம் கடி விழும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. தப்பித்துப் போன பூனை அந்தச் சுவர்ப் பக்கமே திரும்பாது. இவ்வளவு மிரளும் பூனையை ஏமாற்றிப் பிடிக்க ஒரு வாய்ப்புத்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி நீங்கள் செய்வதெல்லாம் அந்த ஒரு பிடிக்கான தயாரிப்பாக இருக்கட்டும். நாளைக்கே பிடித்தாக வேண்டிய அவசரம் சில சமயங்களில்தான் வரும்: வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, மண்ணைப் பறித்துப் பறித்து உட்கார்ந்தும் சிறுநீர் வராமல் முக்குவது, இரண்டு நாளாக எதையும் தொடாமல் இருப்பது. சிறுநீர் அடைப்பு பெரும்பாலும் கடுவன் பூனைக்கு வரும், ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும். அடியோடு பட்டினி கிடக்கும் பூனைக்கு ஈரலில் கொழுப்பு படிந்து இன்னொரு நோய் சேர்ந்துகொள்ளும். இந்த மூன்றும் இல்லாதவரை பத்து நாள் பொறுக்கலாம்.

அந்தப் பத்து நாளில் முதல் வேலை, சன்னல் வழியாகப் போனில் வீடியோ எடுப்பது. மருத்துவருக்கு இது பாதி பரிசோதனைக்குச் சமம். தின்னும்போது தலையை எந்தப் பக்கம் சாய்க்கிறது, முன்காலால் வாயைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறதா, எச்சிலில் ரத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். சுவரில் படுத்திருக்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஓய்வில் 30-க்குள் இருக்க வேண்டும். 40-ஐத் தாண்டினால் நெஞ்சிலும் கோளாறு இருக்கலாம், மயக்க மருந்து கொடுக்கும் முன் மருத்துவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது வாய் அழற்சி. ஈறும், கடைவாய்க்குப் பின்னால் இருக்கும் சதையும் வெந்தது போலச் சிவந்து புண்ணாகிவிடும் நோய் இது. பசி இருக்கும், தின்ன முடியாது. ஓடி வந்து, கவ்வி, கத்திக்கொண்டு பின்வாங்குவது இதன் அச்சு அடையாளம். கலிசி என்ற பூனை வைரஸுக்கு இதில் பெரும்பாலும் பங்கு உண்டு. மூக்கையும் கண்ணையும் தாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸும் தெருப் பூனைகளிடம் சாதாரணம் என்பதால், உங்கள் பூனையின் கண் பீளைக்கும் அது காரணமாக இருக்கலாம்.

ஆனால் உங்கள் ஊரில் இன்னொன்றையும் ஒதுக்கிவிட முடியாது. தூண்டில் முள், நரம்புத் துண்டு, மீன் முள். மேல்வாய்ப் பற்களுக்கு நடுவே குறுக்காகச் செருகிக்கொண்ட ஒரு மீன் முள் வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். வாயோரத்தில் நரம்பு தொங்குவது தெரிந்தால் இழுக்காதீர்கள், வீட்டில் யாரையும் இழுக்கவும் விடாதீர்கள். அதன் ஒரு முனை நாக்கின் அடியில் சுற்றியிருக்கும், மறுமுனை குடலில் கிடக்கும்; இழுத்தால் ரம்பம் போலக் குடலை அறுத்துவிடும். வயதான பூனையாக இருந்தால் சிறுநீரகக் கோளாறினால் வரும் வாய்ப்புண்ணும், நாக்கின் அடியில் வளரும் கட்டியும் இதே போலத்தான் வெளியே தெரியும். இவற்றை எட்ட நின்று பிரித்தறிய யாராலும் முடியாது. மயக்கி வாயைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். எச்சிலுக்கு இரண்டு மாத்திரை எழுதித் தாருங்கள் என்று கேட்டு வாங்கி வருவதில் பயனில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

காது நுனிப் புண்ணைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். புண் இருக்கும் காது வெள்ளையா, மஞ்சளா? வெள்ளை முடிக்குக் கீழே தோலுக்கு நிறமி கிடையாது. வருடம் முழுக்க வெயில் காயும் கடற்கரையில், வெள்ளைக் காதின் விளிம்பு முதலில் சிவந்து, பிறகு பொருக்குத் தட்டி, மாதக்கணக்கில் ஆறாமல் அரித்துக்கொண்டே போனால் அது வெயிலால் வரும் தோல் புற்றுநோயாக இருக்கலாம். ஆரம்பத்திலேயே காது மடலை வெட்டி எடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். புண் விளிம்போடு நிற்காமல் சாம்பல் நிறப் பொருக்காக முகத்துக்கும் கழுத்துக்கும் பரவி, பூனை ஓயாமல் சொறிந்தால் அது சொறிப் பூச்சி. காதுக்குள் காப்பித் தூள் போலக் கறுப்பு அழுக்கு இருந்தால் காதுப் பூச்சி. இந்த இரண்டு பூச்சிக்கும் செலமெக்டின் என்ற மருந்தைப் பிடரியில் சொட்டினால் போதும். 2.6 முதல் 7.5 கிலோ வரையுள்ள பூனைக்கு 45 மி.கி. ஒரு தடவை, மாதம் கழித்து இன்னொரு தடவை. இதற்கும் தொட வேண்டும் என்பதால் முதல் தடவையாவது அந்த ஒரு பிடிக்குள் நடந்துவிட வேண்டும்.

இப்போது உணவு. பால் வேண்டாம், வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்கு அது செரிக்காது, வயிற்றுப்போக்கு வந்து இருக்கிற தெம்பும் போகும். 3 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி வேண்டும். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் வேகவைத்த எலும்பில்லாத கோழிக்கறி 80 கிராம், வேகவைத்த முட்டை ஒன்று, இந்த அளவு சரியாக இருக்கும். மிக்சியில் கோழி வெந்த தண்ணீரையே ஊற்றிக் கஞ்சிப் பதத்துக்கு அரைத்து, இரண்டு வேளையாகப் பிரித்து, இளஞ்சூடாக வையுங்கள். மூக்கடைத்த பூனை வாசனை தெரியாவிட்டால் தின்னாது; சூடு வாசனையைக் கிளப்பும். வாய் எரிகிற பூனை கடிக்காமல் நக்கியே முடித்துவிடும். கடையில் விற்கும் 85 கிராம் ஈரத்தீவனப் பை கிடைத்தால் நாளைக்கு மூன்று போதும். பற்றாக்குறைக்குக் கொஞ்சம் குழைந்த சோறு சேர்க்கலாம், ஆனால் சோறே சாப்பாடாகிவிடக் கூடாது.

கடலோரத்துப் பூனைக்கு மீன் போதாதா என்று கேட்பார்கள். வேகவைத்து முள் நீக்கிய மீன் வாரத்தில் இரண்டு மூன்று நாள் நல்லதுதான். பச்சையாக அதையே தினமும் தின்றால் கெடுதல். சாளை, நெத்திலி போன்ற சில மீன்களில் தயமின் என்ற பி1 வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது. அந்த வைட்டமின் குறைந்தால் பூனை தலை தொங்கித் தள்ளாடும். வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும். எண்ணெய் மீனை மட்டுமே தின்னும் பூனைக்கு வைட்டமின் ஈ குறைந்து, தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு அழன்று, தொட்டாலே வலிக்கும். கருவாடு வேண்டவே வேண்டாம், உப்பு அதிகம். வலை உதறும் இடத்தில் எறிந்து கிடக்கும் பேத்தை என்ற விஷ மீனைப் பூனை தின்னாமல் பார்க்க உங்களால் முடியாது. குறைந்தது உங்கள் வீட்டுக் குப்பையிலாவது பேத்தையின் குடலும் ஈரலும் கிடக்க வேண்டாம். அந்த விஷத்துக்கு மாற்று மருந்து இல்லை.

தண்ணீரைப் பற்றியும் யோசியுங்கள். உங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் உவர்ப்பு. பூனை இயல்பாகவே குறைவாகத்தான் குடிக்கும், உவர்ப்பென்றால் இன்னும் குறைக்கும். வாய்ப்புண் உள்ள பூனைக்கு உப்பு எரியும். நீங்கள் குடிக்கிற நல்ல தண்ணீரையே ஒரு மண்சட்டியில், உணவிலிருந்து நாலைந்து அடி தள்ளி, நிழலில் வைத்துத் தினமும் மாற்றுங்கள்.

இனி கூண்டு. எலிப்பொறி போதாது, கதவு பூனையின் முதுகிலோ வாலிலோ விழும். நீளம் 80 முதல் 90 செ.மீ., அகலம் 30 செ.மீ., உயரம் 35 செ.மீ. இருக்க வேண்டும். உள்ளே கடைசி மூன்றில் ஒரு பங்கில் மிதிபலகை, அதை மிதித்தால் வாசல் கதவு விழுந்து கொக்கி மாட்டிக்கொள்ள வேண்டும். வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்வதானால் கம்பி வலையின் கண் ஓர் அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம். பெரிதாக இருந்தால் முகத்தைச் செருகி மூக்கைக் கிழித்துக்கொள்ளும். வெட்டிய கம்பி முனை உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, கையால் தடவிப் பாருங்கள். கதவு கீழே விழுந்த பிறகு, பூனை தலையால் முட்டித் தூக்கினாலும் திறக்காதபடி பூட்டு இருக்கிறதா என்று நீங்களே தள்ளிச் சோதியுங்கள். இப்படிக் கூண்டுகள் தோற்பது பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான்.

கூண்டு வந்ததும் பிடிக்க அவசரப்படாதீர்கள். கதவைத் திறந்த நிலையில் கயிற்றால் இறுகக் கட்டிவிடுங்கள், தவறியும் விழக் கூடாது. அடியில் கம்பி காலில் படாதபடி சாக்கோ நாலாக மடித்த செய்தித்தாளோ விரித்து, காற்றில் பறக்காமல் செருகுங்கள். முதல் இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டு கூண்டுக்கு வெளியே, வாசலுக்கு ஒரு அடி முன்னால். மூன்றாம் நாள் வாசல்படியில். பிறகு நாளுக்கு ஒரு சாண் உள்ளே. மிதிபலகைக்கு அப்பால் தலை நுழைத்து இரண்டு நாள் தொடர்ந்து தின்றால் பூனை தயார். இடையில் ஒரு நாள் மிரண்டு வாசலிலேயே நின்றால் தட்டையும் வாசலுக்கே கொண்டு வந்து மறுபடி தொடங்குங்கள். இதெல்லாம் நடக்க, வேறு எங்கும் அதற்குச் சாப்பாடு கிடைக்கக் கூடாது; பக்கத்து வீடுகளிலும் சொல்லி வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் இறங்குதளத்தில் கழிவு மீன் குறைவதால் பூனைகள் கூண்டுக்குச் சீக்கிரம் பழகும். ஆனால் வெயில் அப்போதுதான் கொடுமை, அதிகாலை தவிர வேறு நேரத்தில் வைக்காதீர்கள். காக்கையும் கீரியும் உங்கள் இரையைத் தேடி வரும் என்பதால் கூண்டைத் தனியே விட்டுவிட்டுப் போகவும் கூடாது. சன்னலுக்குள் ஆள் இருக்க வேண்டும்.

பிடிக்கிற நாளைப் பூனை தீர்மானிப்பதில்லை, மருத்துவர் தீர்மானிக்கிறார். எனவே முன்கூட்டியே பேசிவிடுங்கள். உங்களுக்குக் கிட்டத்தில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்திலோ ராமநாதபுரத்திலோ கேட்க வேண்டியது இதுதான்: கையால் தொட முடியாத பூனையைக் கூண்டோடு கொண்டுவந்தால் கம்பி வழியாகவே மயக்க ஊசி போடுவீர்களா? பூனைக்குக் கருத்தடை செய்வீர்களா? தானாகக் கரையும் தையல் போடுவீர்களா? பல் பிடுங்க வசதி உண்டா? முதல் கேள்விக்குத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம்; மாடு ஆடுகளே அதிகம் வரும் இடங்களில் பூனைக்கான மயக்க மருந்து அளவு எல்லோருக்கும் கைப்பழக்கமாக இருக்காது. மதுரையில் தனியார் பிராணி மருத்துவமனைகள் உண்டு, மூன்று மணி நேரப் பயணம். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண் பெரும்பாலும் பண்ணைக் கால்நடைகளுக்கானது என்றாலும், அழைத்துக் கேட்பதில் தவறில்லை.

பிடிப்பதற்கு முந்தைய நாள் மாலைச் சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். மெலிந்த பூனை, ஆகையால் ஓர் இரவுக்கு மேல் பட்டினி போடக் கூடாது. விடிகாலையில் கயிற்றை அவிழ்த்துப் பொறியை ஏற்றுங்கள். அனலில் வாட்டிய சாளை இரண்டு ஸ்பூன் அளவு, அதற்கு மேல் வேண்டாம். வயிறு நிறைந்திருந்தால் மயக்கத்தில் வாந்தி எடுத்து நுரையீரலுக்குள் போய்விடும். மீன் சாற்றை வாசலிலிருந்து உள்ளே வரை சொட்டுச் சொட்டாக விடுங்கள். கதவு விழுந்த நொடியில் பழைய கைலி ஒன்றை முழுக்கூண்டின் மேலும் போர்த்துங்கள். உள்ளே பாய்ந்து முட்டும் சத்தம் கேட்கும், மனசு பதறும். இருட்டானதும் சில நிமிடத்தில் அடங்கிவிடும். சமாதானம் செய்யக் கையை நீட்டவோ, கதவைத் திறந்து வேறு பெட்டிக்கு மாற்றவோ கூடாது. ஆட்டோவின் பின்சீட்டில், காற்றோட்டம் தடைபடாமல் கைலியை ஓரமாகத் தூக்கிவிட்டு, வெயில் ஏறும் முன் கிளம்புங்கள்.

மயக்கத்தில் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் என்னென்ன நடக்க வேண்டும் என்று தாளில் எழுதிக் கொண்டு போங்கள். எடை. வாயும் நாக்கின் அடியும். கருவிழியில் சாயம் விட்டுப் புண் சோதனை. காது, தோல். ரத்தத்தில் சிறுநீரகக் கிரியாட்டினின் அளவு; கிடைத்தால், பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் எஃப்.ஐ.வி., லுக்கேமியா ஆகிய இரண்டு வைரஸ்களுக்கும் விரைவுச் சோதனை. வெறிநோய்த் தடுப்பூசி. குடற்புழு மருந்து, செலமெக்டின். உடம்பு வற்றியிருந்தால் தோலுக்கு அடியில் 100 முதல் 150 மி.லி. வரை திரவம். தினமும் வாய் வழி கொடுக்க முடியாத பூனை என்பதை அழுத்திச் சொல்லி, இரண்டு வாரம் வேலை செய்யும் ஒற்றை ஊசியாக நுண்ணுயிர்க்கொல்லி போட வழி இருக்கிறதா என்று கேளுங்கள். எஃப்.ஐ.வி. இருப்பதாகச் சொன்னால் பயந்து கைவிட வேண்டாம். அது மனிதருக்குத் தொற்றாது. அந்த வைரஸோடு பல வருடம் நன்றாக வாழும் பூனைகள் உண்டு.

கருத்தடையையும் இதோடு முடிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மஞ்சள் பூனைகளில் ஐந்துக்கு நான்கு கடுவன். கடுவனாக இருந்தால் விதை நீக்கிய பிறகு சண்டை குறையும். கடியால் பரவும் நோயும் குறையும். பெட்டையாக இருந்தால் அடுத்த குட்டிகள் இந்த உடம்பைத் தின்றுவிடும். பெட்டையின் முலைக்காம்பு பெருத்து முடி உதிர்ந்திருந்தால், குட்டிகள் எங்கோ இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிக்காமல் தாயைப் பிடிக்காதீர்கள். பூனைக்குக் கடும் காய்ச்சலோ இழைப்போ இருந்தால் மருத்துவர் அன்று கருத்தடை செய்ய மாட்டார். அப்போது வெளியே விட்டுவிடாமல் ஒரு வாரம் கூண்டிலேயே வைத்துத் தேற்றிவிட்டுச் செய்யுங்கள். முடித்ததும் இடது காது நுனியில் ஒரு செ.மீ. நேராக வெட்டச் சொல்லுங்கள், இதற்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று எட்ட நின்றே தெரியும். புண் உள்ளது இடது காதாகவே இருந்தால் அந்த இடத்தையே வெட்டி எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பலாம்.

வாய் அழற்சி என்று உறுதியானால் ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்பிவிடுவது எளிது. பூனை மறுநாளே தின்னும், சில வாரத்தில் வலி திரும்பும், மறுபடி பிடிக்க முடியாது. அடிக்கடி போட்டால் சர்க்கரை நோயும் வரும். நிலைத்த தீர்வு கடைவாய்ப் பற்களை, தேவைப்பட்டால் எல்லாப் பற்களையும், வேரோடு எடுப்பதுதான். கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் பல் இல்லாத பூனை நன்றாகவே தின்னும், வலிக்கும் பல்லோடுதான் அது பட்டினி கிடக்கிறது. வேர் முறிந்து உள்ளே நின்றுவிட்டால் அழற்சி தொடரும் என்பதால், எக்ஸ்ரே வசதி உள்ள இடத்தில் செய்வது நல்லது. வாய்க்குள் புற்றுக்கட்டி பரவியிருக்கிறது, அல்லது சிறுநீரகம் முழுக்கச் செயலிழந்துவிட்டது என்று தெரிந்தால், மயக்கம் தெளியும் முன் வலியில்லாமல் கண் மூட வைத்துவிடலாமா என்று மருத்துவர் கேட்பார். சம்மதிப்பது துரோகமல்ல. அதற்கும் உங்கள் மனதை முன்பே தயார் செய்துகொள்ளுங்கள்.

திரும்பி வந்த பின் முழுதாகத் தெளியும்வரை பூனை கூண்டுக்குள்ளேயே இருக்கட்டும், உடம்பு குளிராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மின்விசிறிக்கு நேரே வைக்காதீர்கள். தலையை நிமிர்த்தி உட்கார்ந்த பிறகே தண்ணீர், அதன் பிறகே கஞ்சி. கருத்தடை மட்டும் என்றால் கடுவனை ஒரு நாளிலும் பெட்டையை இரண்டு மூன்று நாளிலும் விடலாம். பல் எடுத்ததற்கு ஒரு வாரம் வைப்பது நல்லது. அதற்குக் குறைந்தது 3 அடிக்கு 2 அடி, 2 அடி உயரமுள்ள பெரிய கூண்டு வேண்டும். உள்ளே ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, மலங்கழிக்கக் கழுவிய ஆற்றுமணல் தட்டு. கடல்மணல் வேண்டாம், உப்பு ஈரத்தை இழுத்துப் பாதத்தில் ஒட்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் மணல் தட்டைத் தொட வேண்டாம். மற்றவர் கையுறையோடு தினமும் மாற்றட்டும். மலத்தில் வரும், கருவைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும் என்பதால் தினசரிச் சுத்தமே பெரிய காப்பு. பிள்ளைகளை ஒரு வாரம் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

மாத்திரை கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பசி வேளையில் கொடுங்கள். முதல் கவளம் மருந்தில்லாமல், இரண்டாவது மருந்தோடு, மூன்றாவது உடனே மருந்தில்லாமல். வெந்த கோழி ஈரல் கசப்பை நன்றாக மறைக்கும். டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை எழுதியிருந்தால் ஒரு எச்சரிக்கை: வெறும் மாத்திரையாக இறங்கினால் உணவுக்குழாயில் ஒட்டி அரித்து, குழாயே சுருங்கிவிடும். அதை நீர்த்த உணவோடு மட்டுமே கொடுக்க வேண்டும், அல்லது திரவ வடிவில் கேட்க வேண்டும்.

விடுவதைப் பிடித்த இடத்திலேயே செய்யுங்கள், விடிகாலையில், கூண்டு வாசல் சுவரைப் பார்த்தபடி. அதற்கு முன்னால் ஓர் ஒதுங்கிடம் தயாராக இருக்கட்டும். மீன் ஏற்றும் தெர்மோகோல் பெட்டி உங்கள் ஊரில் எளிதாகக் கிடைக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, பக்கச் சுவரில் 15 செ.மீ. வட்டமாக ஒரு வழி வெட்டி, எதிர்ப்பக்கம் தப்பிக்க இன்னொன்று வெட்டுங்கள். மூடியைக் கட்டி மேலே கல் வையுங்கள். இரண்டு செங்கல் மேல் தூக்கி, நிழலில், வாசல் வாடைக்காற்றுக்கு முதுகு காட்டும்படி தென்மேற்கே பார்க்க வையுங்கள். உள்ளே துணி போட வேண்டாம், மழைக்காலத்தில் நனைந்தால் காயாது, வைக்கோல் போதும். வெள்ளைக் காது வெயிலில் காயாமல் இருக்கவும் இந்த நிழல் உதவும்.

விட்ட பிறகு இரண்டு மூன்று நாள் அது வராமல் போகலாம். பழைய நேரத்துக்கு, பழைய தட்டில், கஞ்சியை வைத்துக்கொண்டே இருங்கள். கூண்டை அதன் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து, கத்தாமல் தின்கிறதா என்று மறுபடியும் சன்னல் வழியாக வீடியோ எடுத்து மருத்துவருக்கு அனுப்புங்கள்.